‘கேள்வி எழவில்லை’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

2020 செப்டம்பர் 14. நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள். கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேட்டிருந்தார்கள். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த பதில் இதுதான்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. சரி, இழப்பீடு? மேற்சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழவில்லை.

அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்னால், மே 8ஆம் தேதி விடியற்காலையில், மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பியவர்கள். வழிக்குக் கட்டி எடுத்துவந்த ரொட்டி ஜல்லிக் கற்களில் சிதறிக் கிடந்ததை நாடே பார்த்தது. அந்த 16 பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலா போயிருப்பார்கள்? தொழிலாளர் துறைதான் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதே கூட்டத்தொடரில், சில நாள் கழித்து, புலம்பெயர் தொழிலாளர்களை ஊர் சேர்க்க விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில் பதில் கொடுத்தார். மாநிலக் காவல்துறைகளிடம் வாங்கிய கணக்கு அது. ஆக, கேட்டால் கணக்கு கிடைக்கிறது.

அமைச்சர்கள் மழுப்புவதில் பல வகை உண்டு. எனக்குப் பொறுக்கவே முடியாதது இந்த வகைதான். எண்ணுவது அரசின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, எண்ணவில்லை, அதனால் தரவு இல்லை, தரவு இல்லாததால் இழப்பீடும் இல்லை என்று மூன்று படியில் ஒரு குடும்பத்தின் சாவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். மறு வருடம் குளிர்காலக் கூட்டத்தொடரில் வேளாண் அமைச்சரும் இதையே செய்தார். டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் நடந்த போராட்டத்தில் இறந்த விவசாயிகளின் குடும்பங்களுக்கு நிதியுதவி உண்டா என்பது கேள்வி. அமைச்சகத்திடம் அதுபற்றிப் பதிவு எதுவும் இல்லை, ஆகவே கேள்வி எழவில்லை என்பது பதில். சுமார் 700 பேர் இறந்துவிட்டார்கள் என்று விவசாய சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க ஒரு அமைச்சகத்தால் முடியாதா?

ஒரு கேள்வி அவைக்கு வந்து சேர்வதே எவ்வளவு பாடு! குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வர வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளுக்குத்தான் இடம். அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மீதி 230 கேள்விகளுக்குத் தாளில் பதில் வரும், அவ்வளவுதான். அந்த 20 கேள்விகளாவது முழுதாக எடுக்கப்படுகின்றனவா என்றால், 2019 நவம்பர் 27ஆம் தேதி 20 கேள்விகளும் எடுக்கப்பட்டது 1972க்குப் பிறகு இதுதான் முதல் முறை என்று தனிச் செய்தியாகவே வந்தது. 2020 செப்டம்பரில் அந்தக் கேள்வி நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும். ‘ஏன் தரவு இல்லை?’ என்று அடுத்த நொடியே எழுந்து கேட்க ஒருவருக்கும் வழி இல்லை.

வழி இருக்கும் நாளில் என்ன நடக்கிறது? நேரலையைப் பாருங்கள். உறுப்பினர் எழுந்து, உங்கள் துறையில் காலியிடம் எத்தனை, எப்போது நிரப்புவீர்கள் என்று இரண்டு வரியில் கேட்பார். அமைச்சர் எழுந்து முதலில் உறுப்பினருக்கு நன்றி சொல்வார். அப்புறம் பிரதமரின் தலைமை. அப்புறம் முந்தைய ஆட்சியில் எவ்வளவு மோசமாக இருந்தது என்ற வரலாறு. அதற்குள் பின்வரிசையில் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். திட்டங்களின் பெயர்கள், ஒதுக்கிய கோடிகள் எல்லாம் வரிசையாக வரும். காலியிடம் எத்தனை என்பது மட்டும் வராது. பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வது என்பார்களே, அதேதான். கேள்வி கேட்டவருக்கு இருப்பது இரண்டு துணைக் கேள்விகள். முதல் துணைக் கேள்வியிலும் பழைய கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதைக் கேட்பதற்குள் எதிர்வரிசை கத்த, ஆளும் வரிசை பதிலுக்குக் கத்த, சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அமைச்சர் நிம்மதியாக உட்காருவார். அவர் உட்காரும் அந்த நொடியைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, அது மாநில விஷயம் என்று கை காட்டுவது. 2021 ஜூலை 20ஆம் தேதி சுகாதாரத் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் அப்படித்தான் சொன்னார். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை. அந்த ஆண்டு மே 1ஆம் தேதி டெல்லி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து 12 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அங்கேயே வேலை பார்த்த மருத்துவர். சிலிண்டருக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவர்கள் இந்த நாட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். மாநிலங்கள் அப்படி எழுதி அனுப்பவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். மத்திய அரசு மாநிலத்தைக் காட்டவும், மாநிலம் பதிலுக்கு டெல்லியைக் காட்டவும், இறந்தவர் எந்த அரசின் கணக்கில் இறந்தார்? எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேள்விக்குப் பல் இருந்த காலமும் உண்டு, அதனால்தான் ஆற்றாமை இன்னும் கூடுகிறது. 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்தார். எல்ஐசி பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் எப்படிப் போனது என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியைத் துளைத்தெடுத்தார். ஃபெரோஸ் ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். ஆனாலும் விடவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் முன்னால். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். இன்றைக்கு ஆளும் வரிசையிலிருந்து அப்படி ஒரு கேள்வி வருகிறதா? அமைச்சர் சாதனைகளை அடுக்க வசதியாகக் கேள்வியை எடுத்துக்கொடுப்பதுதான் அங்கே நடக்கிறது.

‘தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். அதைத் துரத்த 1953இலிருந்தே மக்களவையில் ஒரு குழு இருக்கிறது, மூன்று மாத கெடுவும் இருக்கிறது. கெடு தாண்டி ஆண்டுக்கணக்கில் கிடப்பவை ஏராளம். ஆனால் அதுகூடப் பரவாயில்லை, அந்தத் தாள் திறந்தே இருக்கிறது, என்றைக்காவது யாராவது கேட்பார்கள். ‘தரவு இல்லை, கேள்வி எழவில்லை’ என்பதில்தான் எல்லாமே மூடப்படுகிறது. அதனால் அந்தப் பதிலையும் உறுதிமொழியாகவே கணக்கில் எடுங்கள். தரவு ஏன் இல்லை, எந்த அதிகாரி எந்தத் தேதிக்குள் திரட்டித் தருவார் என்று எழுதாமல் வரும் பதிலைச் சபாநாயகர் வாங்கவே கூடாது. அமைச்சரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.