சுவரில் திருகி வைத்த அடாப்டர்

உங்கள் லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ரோமன் எண்ணில் ஐந்து என்றோ ஆறு என்றோ இருக்கும். மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான குறி அது. எண் கூடினால் திறனும் கூடுதல்.

பழைய அடாப்டர்கள் செங்கல் மாதிரி கனக்கும். உள்ளே இரும்பும் செம்புக் கம்பிச் சுருளும். எதையும் இணைக்காமல் பிளக்கில் விட்டிருந்தாலும் தொட்டால் சுடும். அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கிய கரண்ட். ஒரு வாட்தானே என்று விட்டுவிட முடியாது. வருடம் முழுக்க ஓடினால் அது 8.76 யூனிட். ஒரு வீட்டில் எத்தனை அடாப்டர் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் இருக்கும் அமெரிக்காவில் 2007-இல் இதற்கென்று சட்டம் வந்தது. 2008 ஜூலை முதல், சும்மா செருகியிருக்கும் அடாப்டர் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 2016-இல் இன்னும் இறுக்கி, வீட்டில் புழங்கும் பெரும்பாலான சிறிய அடாப்டர்களுக்கு 0.1 வாட் ஆக்கினார்கள். பிளக்கைப் பிடுங்கு என்று தினமும் பிள்ளைகளிடம் கத்துவதைவிட இது எவ்வளவோ மேல். தயாரிக்கும் இடத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது.

இதில் திருட்டு அலாரம், தீ அலாரம், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. 2011-இல் கொடுத்து, பிறகு 2023 ஜூலை வரை நீட்டினார்கள். கம்பெனிகளுக்கு வளைந்து கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்புறம் எங்கள் வீட்டு அலாரம் பெட்டியின் அடாப்டரைப் பார்த்தேன். யாரும் தவறிக்கூடப் பிடுங்கிவிடாதபடி சுவர் பிளக்கோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறது. 24 மணி நேரமும் அது அலாரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சும்மா இருக்கும் நேரமே இல்லாத ஒன்றுக்கு, சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று அளவு வைத்தால் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. செலவு மட்டும் ஏறும்.

விலக்கும் கண்ணை மூடிக்கொண்டு தரப்படவில்லை. சுவரில் வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை வாங்கி ஏசி மின்சாரமாகவே தரும், 20 வாட்டும் அதற்கு மேலும் உள்ள அடாப்டர்களுக்கு மட்டும்தான் அது கிடைத்தது. வேலை செய்யும்போது காட்ட வேண்டிய திறனுக்கு அதில் தளர்வு இருக்கவில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்தத் திறனைத்தான். அலாரம், கேமரா, வைஃபை ரூட்டர் எல்லாம் இரவும் பகலும் ஓடுபவை. அவற்றின் அடாப்டரில் ஓடும்போது ஆகும் இழப்பைக் குறைக்கத்தான் விதிகள் இன்னும் கடுமையாக வேண்டும்.