மீனைப் பார்த்துச் செடி வாங்குங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் தொட்டியின் விளக்கைப் போட்டபோது, முந்தைய வாரம் நட்டிருந்த அமேசான் ஸ்வோர்ட் செடியின் அகன்ற இலைகளில் நான்கு, நெடுநாள் நீரில் ஊறிய அரச இலைபோல, நரம்பு மட்டும் மிஞ்சி நின்றன. செடியின் அடியில் என் சக்கர் மீன் அசையாமல் கிடந்தது. செடி வாங்கிய கடையில் கேட்டதற்கு, "சக்கர் இருக்கும் தொட்டியில் செடி நிற்காது, பிளாஸ்டிக் செடி வைத்துவிடுங்கள்" என்றார்கள். பெரிய அடித்தள மீன் வளர்க்கும் பலருக்கும் இதே அறிவுரைதான் கிடைக்கிறது. அது தவறு என்பதை என் தொட்டியில் கண்டுவிட்டதால் இதை எழுதுகிறேன். நாம் செடியின் அழகைப் பார்த்து வாங்குகிறோம். அதனோடு வாழப்போகும் மீனின் உடம்பையும் வாயையும் பார்ப்பதில்லை.

சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் இரண்டு அங்குலக் குஞ்சாக, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரோடு கிடைக்கும் சக்கர், பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற தென்னமெரிக்கப் பேரினத்தைச் சேர்ந்தது. விரிந்த முதுகுத் துடுப்பில் பத்துக்கு மேற்பட்ட கதிர்கள் இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடியை எட்டக்கூடிய மீன் இது. என்னுடையது இப்போது 14 அங்குலம். நான் முதலில் வைத்திருந்த நான்கடித் தொட்டியின் அகலம் 18 அங்குலம்தான். அவ்வளவு அகலத்தில் 14 அங்குல மீன் திரும்ப வேண்டுமென்றால், உடலை வில்லாக வளைத்து, வாலால் ஒரு வீச்சு வீசியாக வேண்டும். அந்த வீச்சில் மணலில் மேலோட்டமாக வேர்விட்ட எந்தச் செடியும் கிளம்பி மிதக்கும். மீன் வேண்டுமென்றே செடியைப் பிடுங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்குத் திரும்ப இடமில்லை. ஆகவே செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தொட்டிக்கு வழி இருக்கிறதா என்று யோசித்துவிடுவது நல்லது. இரண்டடி உயரமும் சேர்ந்தால் அது ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். நீரோடு கூடிய எடையைத் தாங்கும் தரையும் தாங்கியும் வேண்டும்.

அடுத்தது வாய். சக்கரின் உறிஞ்சுவாயில் நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கின்றன. அது இலையைக் கடிப்பதில்லை, அரத்தால் ராவுவதுபோல ராவுகிறது. இலையின் மேல் படிந்த பாசிக்காகத்தான் பெரும்பாலும் வருகிறது. ஆனால் இலை மெல்லியதாக இருந்தால் பாசியோடு சேர்ந்து இலையின் தோலும் போய்விடும். அமேசான் ஸ்வோர்ட் பார்வைக்கு உறுதியானது, இலைப்பரப்போ மென்மையானது. இரவு முழுவதும் ஒரு பெரிய மீன் ஒட்டிக்கொண்டு கிடக்கும் அளவுக்கு அகலமும் உண்டு. அமேசான் மீனுக்கு அமேசான் செடி என்ற கணக்கு இங்கே பொய்த்துப் போகிறது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் முதலில் கைக்கு வருவது அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் பாறைகளிலும் மரவேர்களிலும் பற்றி வளரும் செடி இது. நம் சேம்பு, கருணை, சேனை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இக்குடும்பச் செடிகளில் பொதுவாகக் காணப்படுபவை. அனுபியாஸை மீன்கள் விரும்பித் தின்னாததற்கு அதுவும் ஒரு காரணம். இலையை விரலால் மடக்கிப் பார்த்தால் பதப்படுத்திய தோலைப்போல் எதிர்த்து நிற்கும். அதன் மேல் பாசி படிந்தால் என் மீன் வந்து ராவிச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறது. இலை அப்படியே இருக்கிறது. மெதுவாக வளரும் செடி என்பதால் அதன் இலையில் பாசி பிடிப்பது இயல்பு. மற்றத் தொட்டிகளில் தலைவலியாக இருக்கும் அந்தக் குறை இங்கே மீனுக்குத் தீனியாகிறது.

ஆனால் அனுபியாஸை மணலில் புதைத்துவிடாதீர்கள். அதன் தடித்த வேர்த்தண்டு மணலுக்குள் போனால் அழுகும். இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று வரும். கட்டையின் மேலோ கல்லின் மேலோ வைத்துக் கட்ட வேண்டும். சிறு மீன்களுக்குப் பருத்தி நூல் போதும். ஓரிரு மாதத்தில் நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். இந்த மீன் இருக்கும் இடத்தில் நான் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டி, நுனிகளை ஒட்ட வெட்டிவிடுகிறேன். நரம்பு தளர்ந்து வளையமாக நின்றால் சக்கரின் துடுப்பு முள் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும். கூழ் வடிவில் வரும் சூப்பர் குளூவும் பயன்படும். கட்டையை ஈரம் ஒற்றியெடுத்து, வேர்த்தண்டின் அடிப்பக்கத்தில் இரண்டு சொட்டு வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். கட்டை மட்டும் கனமாக இருக்க வேண்டும். மீன் முட்டினால் நகரும் கட்டையில் எந்தச் செடியைக் கட்டினாலும் பயனில்லை.

ஜாவா ஃபெர்னும் இதே முறையில் கட்டி வளர்க்க வேண்டிய செடிதான். அதன் இலையின் அடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகளை நோய் என்று நினைத்து வெட்டி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை வித்துப்பைகள், முதிர்ந்த இலைகளின் மேலேயே குட்டிச் செடிகளும் முளைக்கும். சென்னையின் மே மாதத்தில் என் தொட்டி நீர் 31 டிகிரி வரை போகும்போது அனுபியாஸ் தாங்கிக்கொள்கிறது, ஜாவா ஃபெர்ன் சற்றுச் சோர்கிறது. இதேபோல் கட்டி வளர்க்கும் இன்னொரு ஃபெர்னான போல்பிடிஸ் எனக்கு ஒருமுறை நன்றாக வந்தது, மறுமுறை வரவில்லை.

மண்ணில் வேரூன்றும் செடி வேண்டுமென்றால் நான் பரிந்துரைப்பது பெரிய வகை வாலிஸ்னேரியா ஒன்றைத்தான். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு கலந்த கடின நீரிலும் அது செழித்து வளரும். நீண்ட நாடா இலைகளில் இவ்வளவு பெரிய மீன் உட்கார முடியாது. அதையும் நேரடியாக மணலில் நடாமல், ஒரு சாண் அகலமுள்ள மண்சட்டியில் நட்டு, மேலே கூழாங்கற்களைப் பரப்பி, சட்டியைப் பின்சுவரை ஒட்டி வைக்கிறேன். செடியின் குருத்து கல்லுக்கு மேலே தெரிய வேண்டும். முடிந்தால் மீன் வருவதற்கு மூன்று வாரம் முன்பே நட்டுவிடுங்கள். வேர் பிடித்த செடியும் நேற்று நட்ட செடியும் வால்வீச்சுக்கு முன் ஒன்றல்ல. கபோம்பா போன்ற மெல்லிய தண்டுச் செடிகள், தரையில் புல்போலப் படரும் செடிகள் ஆகியவற்றில் பணத்தைப் போட வேண்டாம்.

தொட்டிக்கு மேலே வைக்கும் மணி பிளாண்டை ஏன் பலரும் மறக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதுவும் சேம்புக் குடும்பம்தான். இலைகள் வெளியே, வேர்கள் மட்டும் நீரில். பெரிய சக்கர் கழிக்கும் கழிவு கொஞ்சநஞ்சமல்ல. அதில் உருவாகும் நைட்ரேட்டை, வேகமாக வளரும் இந்தக் கொடி வேர் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. வேரை மீன் ராவாமலிருக்க, ஃபில்டர் பெட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். அதனால் நீர் மாற்றுவதை நிறுத்திவிடலாம் என்று பொருளில்லை. நான் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன்.

எந்தச் செடியானாலும் பசித்த மீனின் முன் நிற்காது. வளர்ந்த சக்கருக்குத் தொட்டிப் பாசி மட்டும் போதவே போதாது. இது இரவில் இயங்கும் மீன். பகலில் தூவும் தீவனத்தை மற்ற மீன்கள் முடித்துவிடும், இது இரவெல்லாம் இலைகளைத் தேடி அலையும். விளக்கை அணைத்த பிறகு, விரல் கனத்தில் வட்டமாக நறுக்கிய சுரைக்காயையோ வெள்ளரியையோ ஒரு முள்கரண்டியில் குத்தி அடியில் போடுகிறேன். காலையில் தோல் வளையம் மட்டும் கிடக்கும். அதை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நீர் கெடும். இந்தப் பழக்கத்துக்குப் பிறகு என் தொட்டியில் இலைச்சேதம் பெருமளவு குறைந்துவிட்டது. ஏர் பம்ப்பையும் இரவில் நிறுத்தாதீர்கள்; ஒளி இல்லாதபோது செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கோடைவெப்ப நீரில் அது ஏற்கெனவே குறைவு.

தொட்டியின் தரையில் பாதியையாவது வெறும் மணலாக விட்டுவிடுங்கள். அதில் செடி வைக்க எனக்கும் ஆசை வந்ததுண்டு, ஆனால் அது மீனின் நிலம். மீன் பெரிதாகிவிட்டது, செடிகளைக் கெடுக்கிறது என்று சலித்து அதை ஏரியில் விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கரையில் வளை தோண்டி முட்டையிடும் இந்த மீன், காற்றையே விழுங்கிச் சுவாசித்து மோசமான நீரிலும் பிழைக்கக்கூடியது. ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் அப்படிப் பெருகிக் கரைகளை அரித்திருக்கிறது, நம் நீர்நிலைகளிலும் வலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்.

என் அனுபியாஸ் இப்போது இரண்டடிக் கட்டை முழுவதும் படர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வேர்த்தண்டை ஐந்தாறு இலைகளுக்கு ஒரு துண்டாக நறுக்கப்போகிறேன். பெரிய சக்கர் வளர்ப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். விலை எதுவும் வேண்டாம். வரும்போது கட்டையையும் கொண்டுவாருங்கள், எப்படிக் கட்டுவது என்று செய்தே காட்டிவிடுகிறேன்.