விடைபெறும் உரை யாருடையது?

மே மாதம் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், எந்தப் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளை வேலடிக்டோரியன் ஆனது என்பதே பேச்சாக இருக்கிறது. லத்தீனில் 'விடைபெறுகிறேன் என்று சொல்லுதல்' என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்த இச்சொல், பள்ளி நிறைவு விழா மேடையில் உடன் படித்தவர்கள் சார்பில் பிரியாவிடை கூறுபவரைக் குறிப்பது. நடைமுறையிலோ, அதற்கு முதல் மதிப்பெண் என்பதைத் தவிர வேறு பொருள் இருப்பதாகவே நாம் நினைப்பதில்லை.

முதலிடத்தை நான் இழிவாகப் பேசவில்லை. நான் வாழும் டெக்சஸில் அதற்குப் பணமதிப்பே உண்டு. முதலிடம் பெறுபவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டுக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகிறது. என் வருத்தம், அந்த இடம் கணக்கிடப்படும் முறையைப் பற்றியது. பல பள்ளிகளில் சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்கினால் 4 புள்ளி, கல்லூரித் தரப் பாடம் நடத்தும் ஏபி வகுப்பில் வாங்கினால் 5 புள்ளி. ஆகவே 4.8 சராசரி வைத்திருக்கும் ஒரு பெண், வயலின் மீதுள்ள ஆசையால் 4 புள்ளியே தரும் பள்ளி இசைக்குழு வகுப்பில் சேர்ந்து, அங்கேயும் 'ஏ' வாங்கினாலும், அவளுடைய சராசரி இறங்கத்தான் செய்யும். குறையில்லாமல் செய்த ஒன்றுக்காகப் பிள்ளை பின்தங்குவதை என்ன நியாயம் என்பது? இதையறிந்து ஒன்பதாம் வகுப்பிலேயே இசையையும் ஓவியத்தையும் கைவிடச் சொல்லும் பெற்றோரை நான் அறிவேன் (ஓராண்டு நானும் அப்படிச் சொன்னவன்தான்). 2003-இல் நியூ ஜெர்சியின் மூர்ஸ்டவுனில், இந்தச் சிறப்பைப் பிறருடன் பகிர மறுத்த மாணவி ஒருவர் நீதிமன்றம் சென்று, தமக்குச் சாதகமான தீர்ப்பும் பெற்றார். வட கரோலினாவின் வேக் கவுண்டி, இப்போட்டியே வேண்டாமென்று, 2019 முதல் குறிப்பிட்ட சராசரியை எட்டிய அனைவருக்கும் 'கம் லாடே' (சிறப்புடன்) போன்ற லத்தீன் சிறப்புப் பட்டங்கள் வழங்கும் முறைக்கு மாறியது.

பட்டியலில் முதலிடம் எவருக்கும் போகட்டும். ஒலிவாங்கியை ஏன் அதனுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. தசமப் புள்ளியில் வென்றவர் நன்றாகப் பேசுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எழுதிய உரையைப் பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே வாங்கிப் பார்த்துத் திருத்துவதும் வழக்கமாகிவிட்டதால், நன்றிகளும் கனவுகளும் மட்டுமே மேடை ஏறுகின்றன.

என் நினைவில் நிற்கும் உரை 2022-இல் புளோரிடாவின் ஓஸ்ப்ரேயில் நிகழ்ந்தது. தன்பாலீர்ப்பாளரான ஒரு மாணவர், மாநிலச் சட்டமொன்றை எதிர்த்துத் தாம் தொடுத்த வழக்கைக் குறிப்பிட்டால் ஒலிவாங்கி நிறுத்தப்படும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறினார். மேடையில் அவர் தம் சுருட்டை முடியைப் பற்றியே பேசினார்; அதை மறைக்க முயன்றதையும், பின்னர் ஏற்றுக்கொண்டதையும் சொன்னார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது அவையினருக்குப் புரிந்தது. அவர் அங்கே பேசியது வகுப்பின் தலைவர் என்ற முறையில். மதிப்பெண் வரிசை அவரை மேடைக்கு அனுப்பவில்லை.

சில பள்ளிகள் விருப்பமுள்ள எவரையும் உரை எழுதிவரச் செய்து, பேசக் கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றன. எங்கள் மாவட்டக் கல்வி வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இதையே கேட்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம்.