பானட்டைத் தட்டிப் பார்த்து கார் வாங்காதீர்கள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, விரல் முட்டியால் பானட்டில் ரெண்டு தட்டு. அடுத்தது கதவைத் திறந்து சாத்துவது. 'டப்' என்று கனமாகச் சாத்தினால் கெட்டி வண்டி, 'டங்' என்றால் தகர டப்பா. தீர்ப்பு முடிந்தது. பானை வாங்குகிற முறையில் கார் வாங்குகிறோம். இந்த ரெண்டு சோதனையும் வண்டியின் உறுதியைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதுதான் என் கட்சி.

கதவுச் சத்தம் திட்டமிட்டு உருவாக்கப்படுகிற ஒன்று. வெளித்தகட்டின் உள்பக்கம் அதிர்வை அடக்கும் தார் கலந்த டேம்பிங் ஷீட் ஒட்டி, பீடிங் என்கிற ஓர ரப்பர் பட்டையை இரட்டையாக்கி, பூட்டுக் கொக்கிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் போதும், லேசான கதவும் கனமாகச் சாத்தும். அதே ஷீட்டை வெளியே வாங்கி நீங்களே ஒட்டினாலும் சத்தம் மாறும், உறுதி மாறாது. சத்தம் நன்றாக இருந்தால் கம்பெனி அமைதிக்காகக் கொஞ்சம் செலவழித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

தகட்டுக் கதையும் இதுதான். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிற அந்த வெளித்தோல் பெரும்பாலான கார்களில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர்தான். பெயர் பெற்ற 'கெட்டி' வண்டிகளும் இதில் பெரிதாக வேறுபடுவதில்லை. மோதலில் உயிரைக் காப்பது உள்ளே இருக்கிற கூண்டு: முன், நடுத் தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்கிற சட்டம், கதவுக்குள் இருக்கும் குறுக்கு பீம், கூரை ஓரச் சட்டங்கள். நல்ல வடிவமைப்புகளில் இவை போரான் கலந்து சூட்டில் அழுத்தி வடிவமைத்த எஃகு. அதன் இழுவிசைத் தாங்குதிறன் 1500 மெகாபாஸ்கல் வரை போகும், சாதாரணத் தகட்டைப் போல நாலைந்து மடங்கு. இதைத் தட்டிப் பார்க்க முடியாது, பெயின்டுக்குப் பின்னால் கண்ணுக்கும் தெரியாது.

'அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா' என்பவர்களுக்கு ஒரு தகவல். காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2009-இல், 1959 மாடல் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009 மாடல் செவ்ரோலே மாலிபு காரையும் நேருக்கு நேர் ஒரு ஓரமாக மோதவிட்டது. பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே நொறுங்கிப்போனது. மாலிபுவின் முன்பக்கம் சப்பையானது, கூண்டு நின்றது, அதில் ஓட்டுநருக்குப் பதிலாக உட்கார வைத்த சோதனைப் பொம்மைக்குக் காலில்தான் காயக் கணக்கு. முன்பக்கம் நசுங்குவது பலவீனம் என்று நினைக்கிறோம், அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. மோதலின் ஆற்றலை அங்கேயே தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் உள்ளே விட வேண்டும். மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி இந்த யோசனைக்கு 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். விபத்துப் படத்தைப் போட்டு 'பாருங்க, அப்பளமா நொறுங்கிடுச்சு' என்று எழுதுவதற்கு முன்னால், மோதிய பிறகும் கதவுகளைத் திறக்க முடிந்ததா, முன்தூண் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, உறுதி தெரிய வேண்டுமென்றால் என்சிஏபி, அதாவது புதுக் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தின் சோதனை அறிக்கையைத் திறந்து படிக்க வேண்டும். நட்சத்திரத்தை எண்ணுவது மட்டும் போதாது. எந்த வேரியன்ட்டைச் சோதித்தார்கள், அதில் எத்தனை ஏர்பேக், எந்த வருடத்து விதிமுறை என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்தும் ஒன்றல்ல. அறிக்கையில் பாடிஷெல், அதாவது அந்தக் கூண்டு, 'நிலையானது', 'நிலையற்றது' என்று ஒரு வரி இருந்தால் அதை முதலில் படியுங்கள். இன்னொன்று, ஒரே பெயரில் வேறு நாட்டில் விற்கிற வண்டி அதே வண்டியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி, கண்ணும் கையும் எதற்குப் பயன்படும்? வண்டியை எவ்வளவு ஒழுங்காகக் கோத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. அதற்கு, நீங்கள் பார்ப்பீர்கள் என்று கம்பெனி எதிர்பார்க்காத இடங்களைப் பார்க்க வேண்டும்.

பேனல் இடைவெளியில், அதாவது பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே, எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடுகிறதா, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். பிறகு கதவைத் திறந்து குனிந்து கீழ் விளிம்பைப் பாருங்கள். வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்பின் ஓரம் முழுக்க சீலன்ட் ஒரு கோடாக விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, கதவுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும், அவை அடைபடாமல் இருக்க வேண்டும். கதவு துருப்பிடிக்கத் தொடங்குவது அநேகமாக இங்கேதான். சீலன்ட் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் மடிப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், சில வருடம் கழித்து பெயின்ட் கொப்பளமாக எழும்பும்போதுதான் வெளியே தெரியும்.

அதேபோல டிக்கி தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் பெயின்ட் முழுதாக இருக்கிறதா பாருங்கள். டிக்கி ஓரத்துப் பீடிங்கை லேசாக உரித்தால் தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஸ்பாட் வெல்டு வரிசை தெரியும், அது சீராக இருக்கிறதா பாருங்கள். பானட்டுக்குள் ஒயரிங் கொத்து கூர்மையான தகட்டு விளிம்பில் உரசாமல் கிளிப்பில் நிற்கிறதா என்பதும் ஐந்து நொடி வேலை.

உள்ளே பிளாஸ்டிக் பற்றி எனக்கு ஒரு முரட்டுக் கருத்து உண்டு. 'சாஃப்ட் டச்' இல்லையென்றால் மட்டம் என்று விமர்சகர்கள் பரப்பிவிட்டார்கள். ரப்பர் மாதிரி மிருதுவான மேல்பூச்சு சில, வெயிலிலும் ஈரத்திலும் வருடங்கள் போகப் போக பிசுபிசுத்து, நகம் பட்டாலே உரியும். ஒழுங்காகப் பொருந்திய கடினப் பிளாஸ்டிக் அதைவிட நீண்ட நாள் உழைக்கும். தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள். கியருக்குப் பக்கத்துக் கன்சோலை முழங்காலால் தள்ளுங்கள், கதவின் கைப்பிடியை உடம்பு எடையோடு இழுங்கள், ஏசி வென்ட்டைச் சுற்றி விரலால் அமுக்குங்கள். இன்றைக்கு முனகுகிற இடம் ரெண்டு வருடத்தில் கத்தும். பளபளக்கும் கருப்பு பியானோ பூச்சு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கீறல் வரும், துணியால் துடைத்தாலே வரும்.

டெஸ்ட் டிரைவுக்கு வருவோம். சாவியை வாங்குவதற்கு முன் டயர் காற்றை அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 33 பிஎஸ்ஐ என்றிருந்து டயரில் 40 இருந்தால், நீங்கள் ஓட்டப்போவது வேறு வண்டி. சஸ்பென்ஷன் முரட்டுத்தனமாகத் தெரியும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். காற்று குறைவாக இருந்தால் நேர்மாறு: மெத்தை மாதிரி போகும், ஸ்டீயரிங் கனக்கும். டயர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். டாப் வேரியன்ட்டில் 205/50 ஆர்17 ஓட்டிவிட்டு 195/65 ஆர்15 போட்ட கீழ் வேரியன்ட்டை புக் செய்தால், டயரின் பக்கச்சுவர் சுமார் 102 மில்லிமீட்டரிலிருந்து 127-க்கு மாறுகிறது. பள்ளத்தில் விழும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்த 25 மில்லிமீட்டர் தெரியும்.

பாட்டை அணையுங்கள். விற்பனைப் பிரதிநிதி அதைச் சத்தமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. நின்ற இடத்தில் ஏசியைப் போட்டு, கம்ப்ரஸர் ஏறி இறங்கும்போது சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் அதிர்வு வருகிறதா கவனியுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால் 'நல்ல ஃபீட்பேக்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. கனம் வேறு, தகவல் வேறு. எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் கனத்தைக் கூட்டுவது சாஃப்ட்வேர் வேலை, ஸ்போர்ட் மோடில் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். சோதிக்க வேண்டியவை வேறு. காலியான நேர்ச்சாலையில் 80-இல் போகும்போது, வண்டியைக் கோட்டில் வைக்க ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறதா? நடுவிலிருந்து கொஞ்சமே திருப்பினால் மூக்கு உடனே அசைகிறதா, இல்லை செத்த இடம் ஒன்று இருக்கிறதா? திரும்பி முடித்ததும் பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வருகிறதா, பாதியில் ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டிக்கொண்டால், நெடும்பயணத்தில் தோள் வலிக்கும்.

சஸ்பென்ஷனுக்கு ரெண்டு சோதனை போதும். ஸ்பீடு பிரேக்கரை 10-15 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறும்படி கடந்துபோங்கள். பாடி முறுக்கப்படும். முறுக்கம் தாங்காத வண்டியில் டிக்கிக் கதவும் தூண் பிளாஸ்டிக்கும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இரண்டாவது, மேடுபள்ளமான சாலையில் 40-50. ஒரு மேட்டைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை எழும்பி இறங்கி அடங்கிவிட வேண்டும். அடங்காமல் இன்னொரு முறை மிதந்தால் ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் போதவில்லை. மெதுவான வேகத்தில் சுகமாக இருக்கிற வண்டிகள் பல இங்கேதான் மாட்டும். பின்சீட்டில் ஆள் ஏற்றி ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான், தனியாக ஓட்டினால் பின் ஸ்பிரிங் தன் வேலையைக் காட்டாது.

வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்கிற பாடி ரோல் கொஞ்சம் இருந்தால் குற்றமில்லை. அது சீராக வருகிறதா என்பதுதான் கேள்வி. முன்பக்கம் திரும்பிய பிறகு பின்பக்கம் தாமதமாக, திடீரென்று சாய்ந்தால்தான் நம்பிக்கை போகும்.

பிரேக்கை, பின்னால் யாரும் வராத இடத்தில் 60-இலிருந்து அழுத்தி நிறுத்திப் பாருங்கள். பெடலின் முதல் கொஞ்ச தூரத்திலேயே பிடி ஆரம்பித்து, அழுத்தத்துக்கு ஏற்பக் கூட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் துடிப்பது இயல்பு. வண்டி ஒரு பக்கம் இழுப்பது இயல்பல்ல.

கியர்பாக்ஸில் பார்க்க வேண்டியது முழு வேகப் பிக்கப் அல்ல, நெரிசல். மேனுவலில் மூன்றாவது கியரில் 30-இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதியுங்கள். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின் 1800 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கினால், தினமும் இரண்டாவதுக்கு இறக்க வேண்டிவரும். ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணம்: மேனுவல் பெட்டியையே தானாக மாற்றும் ஏஎம்டி கியர் மாற்றும்போது தலையாட்ட வைக்கும், படிப்படியான கியர் இல்லாத சிவிடியில் சத்தம் முன்னால் ஓடி வேகம் பின்னால் வரும், ரெண்டு கிளட்ச் வைத்த டூயல் கிளட்ச் ஊர்ந்து போகும்போது திக்கலாம். மூன்றையும் லேசான ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால்தான் குணம் தெரியும்.

கடைசியாக, நீங்கள் ஓட்டியது டெஸ்ட் வண்டி. வீட்டுக்கு வரப்போவது வேறு ஒன்று. டெலிவரிக்கு முன் அதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் அளவுக் கருவி கிடைத்தால் வைத்துப் பாருங்கள்: கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், ஒரு பேனல் மட்டும் 250 காட்டினால் வழியில் அடிபட்டு மறுபடி அடித்த பெயின்டாக இருக்கலாம். ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு), பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-ஆவது வாரம் தயாரானது. நாலு டயரும் ஏறக்குறைய ஒரே காலமாகவும், வண்டி தயாரான மாதத்துக்குச் சற்று முந்தியும் இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.