ஒரு சாயா குடிக்கக் கூப்பிட்டதற்கு இவ்வளவா?

கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒருவன் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் நம் குழுவில் எல்லோருக்கும் வந்துவிட்டது, அதனால் விஷயத்தை முதலிலிருந்து சொல்லவில்லை. "சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் சங்குத்துறை பீச்சுல ஒரு சாயா குடிக்கலாமா? வேண்டாம்னா ஒண்ணும் நினைக்க மாட்டேன்." அவன் எழுதியது இவ்வளவுதான். இதில் என்ன அசிங்கத்தைக் கண்டீர்கள்?

கேட்டது தப்பில்லை. அதைக் குழுவில் போட்டதுதான் தப்பு. போட்டது அந்தப் பெண் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மேஜையில் கிடந்த போனை எடுத்துப் படம் பிடித்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பிடிச்சிருந்தா நேரா சொல்ல வேண்டியதுதானே, எதுக்குச் சுத்தி வளைக்கணும்?" என்று ஒரு அண்ணன் கேட்கிறார். அண்ணே, நாளைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பில் போட வேண்டியவர்கள் அவர்கள். எடுத்த எடுப்பில் காதல் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? சாயாவுக்குக் கூப்பிட்டால், வீட்டில் வேலை இருக்கிறது என்று நழுவிவிடலாம். இரண்டு பேருக்கும் முகம் கெடாது. அந்த வழியை விட்டுவைத்துத்தான் அவன் கேட்டான்.

தக்கலையில் வேலை பார்த்தபோது என்னையும் ஒருவர் கேட்டிருக்கிறார். மழைக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்கும்போது, "பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாள் போகலாமா? திங்கட்கிழமை பூட்டியிருக்கும், ஞாயிறுன்னா சரியா இருக்கும்" என்றார். அதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். ஞாயிறு சர்ச்சுக்குப் போகணும் என்றேன். "சரி" என்றார். மறுநாள் காலை வழக்கம்போல ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார், பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதைதான். ஆனால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் பெரியம்மாவின் போன் வந்துவிட்டது: மழையில் நின்னு பேசினது யாரு? அப்புறம் ரொம்ப நாள் அம்மா பஸ் ஸ்டாப்புக்கு வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். அந்த நடையில் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கிறதா? மேலதிகாரி கேட்டாலோ, மறுத்த பிறகும் ஒருவன் பின்னால் சுற்றினாலோ, அவளோடு போய் நானே புகார் எழுதிக் கொடுப்பேன். இவன் அவளோடு சமமாக வேலை பார்க்கிறவன், கேட்டது ஒரு தடவை. அவள் பதில் சொல்வதற்குள் நீங்கள் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள்.

அவன் என்ன சாதி, அவள் எந்தச் சபை என்று ராத்திரியே விசாரித்தும் முடித்தாயிற்று. முன்பின் தெரியாத வீட்டார் வந்து உட்கார்ந்து எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்டால் அது மரியாதை. தினமும் பக்கத்தில் இருந்து அவள் குணம் தெரிந்தவன், உனக்கு விருப்பமா என்று அவளிடமே கேட்டால் அது ஒழுக்கக்கேடு. இதை எப்படி நான் ஏற்றுக்கொள்வது?

அந்தப் பெண் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை. வேலையை விடச் சொல்லி வீட்டில் பேச்சு நடக்கிறது. சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் யாராவது அவள் அப்பாவைப் போய்ப் பார்த்து, உங்கள் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்வீர்களா?