அடுத்த தீதி எப்போது வருவார்?

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். வேலையில் சேர்வதற்கு முன் இரண்டு மாதம் கம்போடியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராக இருக்கப் போகிறாளாம். அதற்கு என்னிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றாள். "ஒன்பதாவது படிக்கும்போது பிரேயரில் நேபாளத்தைப் பற்றிப் பேசினீர்களே மிஸ், அன்றைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்று அவள் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று அந்த மேடையில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அன்று கைதட்டியவர்கள் பலர் இந்தப் பக்கத்திலும் இருக்கிறீர்கள்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பதினோரு வாரம் இருந்தேன். அனுப்பிவைத்த முகமைக்கு என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கட்டினேன். அந்தப் பணம் குழந்தைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகிறது என்றார்கள், நானும் நம்பினேன். காவல் நிலையச் சான்று கேட்கவில்லை, நான் ஆசிரியைதானா என்றுகூட யாரும் சரிபார்க்கவில்லை. பெரம்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர எத்தனை சான்றிதழ் கொடுத்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இல்லத்தில் இருபத்து மூன்று குழந்தைகள் இருந்தார்கள். முதல் நாள் நான் பையை இறக்கி வைப்பதற்குள் ஆறு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் பெயரைக் கேட்கவில்லை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து, "பார்த்தவுடனேயே ஒட்டிக்கிச்சு அம்மா" என்று அழுதுகொண்டே சொன்னேன். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ வளர்த்த ஆறு வயதுக் குழந்தை, முன்பின் தெரியாத ஒருத்தி வந்து நின்றால் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். எல்.கே.ஜி.யில் ஜூன் மாதம் கதவைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தைதான் சரியாக வளர்ந்த குழந்தை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அந்தக் குழந்தை என் மடிக்கு வந்ததை நான் என் அன்புக்குக் கிடைத்த பரிசாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் விழுந்தபோது அரசுக் காப்பகங்களில் பல்லாயிரம் குழந்தைகள் இருந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் ஒருவரிடம் உறுதியாகப் பற்றுக்கொள்வதிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் அவர்கள் குறித்துக்கொண்டவற்றில் ஒன்று, அறிமுகமே இல்லாதவரிடம் தயக்கமின்றிப் போய் ஒட்டிக்கொள்வது. அந்த வரியைப் படித்தபோது என் வளையல்களை அவள் தள்ளிய விரல்கள் கண்முன் வந்தன.

அந்தக் குழந்தைக்கு அப்பா இருந்தார். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஒருநாள் வெளிநாட்டு நன்கொடையாளர்கள் சிலர் வந்திருந்தார்கள். குழந்தைகள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். வெளிக் கதவுக்கு அப்பால் கசங்கிய கோட்டும் நேபாளத் தொப்பியும் அணிந்த ஒருவர் சுவரோரமாகக் குந்தியிருந்தார். நான் உள்ளே அழைக்கப் போனபோது காவலாளி தடுத்தார். விருந்தினர்கள் போன பிறகு வரட்டும் என்றார். அவர் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தார். தொலைதூர மலை மாவட்டமான ஜும்லாவிலிருந்து வந்திருந்தார், பேருந்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும். துணிமூட்டையில் தன் வீட்டில் காயவைத்த ஆப்பிள் வற்றல் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் கேட்டேன், அவர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: மகளைத் தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லி ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துவந்தானாம், அதற்காக ஒரு எருமையை விற்றாராம். என் கையில் கொடுக்கப்பட்டிருந்த குறிப்பேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே பெற்றோர் இல்லை என்று எழுதியிருந்தது. நிர்வாகியிடம் கேட்டேன். தூரத்து உறவினர் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும்.

இது அந்த ஓர் இல்லத்தின் கதை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா, ஜும்லா போன்ற கர்ணாலி மலைப்பகுதிகளிலிருந்து, படிக்கவைக்கிறோம், போரிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லித் தரகர்கள் குழந்தைகளை இறக்கிவந்தார்கள். அந்த நாட்டின் 77 மாவட்டங்களில் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்ற ஐந்தில்தான் குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை இருக்கின்றன. அவை அநாதைகள் அதிகம் உள்ள மாவட்டங்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் மாவட்டங்கள். என் மாணவி போகவிருக்கும் கம்போடியாவிலும் இதே கதைதான். 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அவற்றில் இருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2018இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதை உறுப்பு நாடுகள் ஒருமனதாக ஏற்ற தீர்மானத்தில் வலியுறுத்தியது. நான் கட்டிய கட்டணம் குழந்தைகளுக்குச் சோறு போட்டது என்பது பாதி உண்மை. என்னைப் போன்றவர்கள் கட்டணம் கட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்ததால்தான் அங்கே குழந்தைகள் தேவைப்பட்டார்கள் என்பது மீதிப் பாதி.

நான் கிளம்பிய நாள் காலையில் மற்ற குழந்தைகள் நெற்றியில் டீகா வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டார்கள். அவள் அழுவாள் என்று எண்ணி நான் என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. என் வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "அடுத்த தீதி எப்போ வருவாங்க?" என்று நிர்வாகியைப் பார்த்துக் கேட்டாள். தீதி என்றால் அக்கா. அவளுக்கு நான் எத்தனையாவது அக்கா என்று எனக்குத் தெரியாது. ஆறு வயதுக்குள் அத்தனை பேரிடம் ஒட்டி, அத்தனை பேரையும் வழியனுப்பி, பிரிவுக்கு அழாமல் இருக்கக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு முறை நானும் பிரிந்துவந்தேன்.

சென்னைக்கு வந்தபோது மீனம்பாக்கத்தில் அண்ணனும் அண்ணியும் பூங்கொத்தோடு நின்றார்கள். தெருவில் எல்லோரும் பெரிய மனசு என்றார்கள். பள்ளியில் தாளாளர் பொன்னாடை போர்த்தினார். பிரேயரில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மலையையும் பனியையும் சிரித்த முகங்களையும் பற்றிப் பேசினேன், சுவரோரம் குந்தியிருந்த அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு பாராட்டுக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. இரவில் தூக்கம் வராதபோது யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவளுக்கு என்ன வருத்தம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். முகநூலில் போட்டிருந்த அந்தக் குழந்தைகளின் படங்களை ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாக நீக்கினேன். என் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் அனுமதியில்லாமல் நான் போடுவேனா?

அந்த ஆகஸ்டில் என் அப்பாவின் நினைவு நாள் வந்தது. பத்து வருடமாக அந்த நாளில் நகரத்தில் ஓர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வழக்கம்போல் குழந்தைகள் இலைக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். வழக்கம்போல் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரே குரலில் பிரார்த்தனை செய்தார்கள். என் மாமா இரண்டு வார்த்தை பேசினார். இலை ஓரத்தில் பாயசம் ஆறி ஆடை படிந்துகொண்டிருந்ததை ஒரு பையன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் கூப்பியபடியே இருந்தது. லலித்பூரில் பாட வைத்துவிட்டார்களே என்று வருந்திய நான், இங்கே பத்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நம் ஊரும் இதற்கு விலக்கு இல்லை. அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. 2010இல் மணிப்பூர், அசாம் பகுதிகளிலிருந்து படிப்பு என்ற பெயரில் கூட்டிவரப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டு இல்லங்களிலிருந்து மீட்கப்பட்டார்கள். ஜும்லா எருமையின் கதைக்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போக்கிடமே இல்லாத பெண் குழந்தைகளுக்காக முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தைத் தொடங்கிய காலத்தில் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் அவர்கள் தெருவில்தான் நின்றிருப்பார்கள். இன்றும் அப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் தேவை, இருந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதர். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், அங்கே அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பெண் ஒருவரின் திருமணத்தை 2022இல் முன்னின்று நடத்திவைத்தார். எத்தனையோ ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் இடையில் இருந்த பதினேழு வருடமும் அவர் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார் என்பதுதான் என்னை அசைத்தது.

என் மாணவிக்கு நான் கடிதம் தரப் போவதில்லை. டிக்கெட்டுக்கும் முகமைக் கட்டணத்துக்கும் அவள் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் இங்கே ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு எத்தனை மாதம் வாடகை கட்டலாம் என்று அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்றிருக்கிறேன். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததாலேயே பிள்ளையை விடுதியில் விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் நிரப்ப உட்காருவதைப் படம் எடுத்துப் போட முடியாதுதான், ஆனால் கம்போடியாவுக்குப் போவதைவிட அது பெரிய வேலை. அதற்குப் பிறகும் அவளுக்குப் பிள்ளைகளோடு இருக்க ஆசை இருந்தால், புளியந்தோப்பில் நாங்கள் சனிக்கிழமை தோறும் நடத்தும் மாலை வகுப்புக்கு வரட்டும். குறைந்தது இரண்டு வருடம் வருவதாக இருந்தால் மட்டும் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

அங்கே இந்த ஜூனில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இரண்டாம் வாரம் கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் அவனை அழைக்கவில்லை. சிலேட்டை மட்டும் அவன் எட்டுகிற தூரத்தில் வைத்தேன். எட்டாவது சனிக்கிழமைதான் வாய் திறந்து தன் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, வாசலில் அம்மா வந்து நிற்பதைப் பார்த்ததும் சிலேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.