ஒரே ஊசியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போய்விடுமா?

"தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஊசி ஒன்று போதும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அடியோடு போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். 2019-இல் வெளியான, இந்நோய்க்கான மிஸ்ட் (MIST) என்ற மருத்துவ ஆய்வில் பலன் தந்தது வேறு சிகிச்சை. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து உறையவைத்தார்கள். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 200 மி.கி. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தையும், ஏ.டி.ஜி. என்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தையும் ஏற்றி, நரம்புறையைத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களை ஒழித்தார்கள். நோயை அடக்குவது இந்த மருந்துகள்தான். திருப்பி ஏற்றும் ஸ்டெம் செல், அந்த மருந்துகளால் அடிபட்ட எலும்பு மஜ்ஜையை மீட்பதற்கு. வெள்ளணுக்கள் மீளும்வரை சாதாரணத் தொற்றுகூட உயிரைப் பறிக்கலாம், குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். நோய் விட்டுவிட்டுத் தாக்கும் வகையில், வழக்கமான மருந்துக்கு அடங்காதவர்களுக்கே இது முக்கியமாகப் பொருந்தும். பல ஆண்டுகளாக முடங்கிய கால்களை மீட்டுத் தராது. கீமோ இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் விற்பது இந்தச் சிகிச்சையே அல்ல.